பேசுறீங்களா?

“தூக்கினது நான், மூச்சு வாங்குறது நான், பேச்சு மட்டும் நீயா அக்கா—”

“மெதுவா வைடா! அது வெறும் பெட்டி இல்லே, ரேடியோ செட்டு—”

“பெட்டியோ செட்டோ, மாடி ஏத்த ஒரு ஆள் வேணும்ல? அதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கறேன், தனியா—”

“ஆள் வேணும்னு உன்னை நான் கூப்பிட்டேனா? நீயா வந்தே. வந்த இடத்துல உபதேசம் வேற—”

“கீழ் வீட்டம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘உங்க அக்கா பகல் பூரா தனக்குத்தானே பேசிக்கிறாங்க’ன்னு—”

“ரேடியோவில பேசினேன்டா!”

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?”

“ஊருக்கு லைசென்ஸை ஃபிரேம் போட்டு வாசல்ல மாட்டவா?”

தம்பி பெட்டியை மேஜைமேல் வைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவனுக்கே ஐம்பத்தெட்டு. குரலை இறக்கினான். அவன் குரலை இறக்கினால்தான் அவளுக்குப் பயம்.

“போன மாசம் யாரோ கதவைத் தட்டறாங்கன்னு போன் பண்ணே. பதறிக்கிட்டு வந்தேன். ஜன்னல் கொக்கி.”

“காத்து அடிச்சா கொக்கி தட்டும். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“அக்கா, ஞாயித்துக்கிழமை வருவேன். அதுக்குள்ள இன்னொரு தடவை, ‘அங்க சத்தம் கேட்டுது, இங்க யாரோ கூப்பிட்டாங்க’ன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரட்டும். வீட்டை வித்துட்டு உன்னைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். பாதி வீடு என் பேர்லதான் இருக்கு.”

“வரலேன்னா?”

“வரலேன்னா நான் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். நீ இருக்கிற வரைக்கும் இந்த வீடு உன்னுது.”

“எழுதிக் குடு.”

“அக்கா!”

சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான். சொன்ன சொல் மட்டும் மேஜைமேல், அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்திருந்தது.

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களால் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. படவேண்டிய நஷ்டத்தை அவள் பட்டு முடித்தாயிற்று. நாள், மணி, நிமிஷம் எல்லாம் அவளுடைய லாக் புத்தகத்தில் இருக்கின்றன. லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்கிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் யாரோடு எப்போது பேசினோம், எப்படிக் கேட்டது என்று எழுதாமல் விடமாட்டார்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதவேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுதான் அவர்களுக்குள் தர்மம்.

அவளை எல்லாரும் ‘பதிமூணு’ என்பார்கள். காரணம் உண்டு. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டர். நீளமான போர்டு, அதற்கு முன்னால் வரிசையாக உயரமான ஸ்டூல்கள், தலையில் ஹெட்போன். அங்கே யாருக்கும் பேர் கிடையாது, ஸ்டூல் நம்பர்தான். அவளுடையது பதிமூணு. வலது பக்கம், முழங்கை இடிக்கிற தூரத்தில், பதினாலு.

பதினாலுக்கு ஒரு பழக்கம். லைனில் பேசுவதற்கு முன்னால் பென்சிலால் போர்டு விளிம்பில் இரண்டு தட்டு. அப்புறம் மைக்கில் ஒரு ஊது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

தட், தட்... ஃபூ...

“ஊதி ஊதித்தான் உனக்கு ஒரு பல் போச்சு” என்பாள் பதிமூணு. “போனது பல்லுதானே, உன்னை மாதிரி பொறுமை போகலையே” என்பாள் அவள். இருபத்திரண்டு வருஷமும் இதே கதை.

ஒரு லைன் நெடுநேரம் சத்தமில்லாமல் கிடந்தால் ஆபரேட்டர் நடுவில் புகுந்து கேட்கவேண்டும். “பேசுறீங்களா?” பதில் வந்தால் விலகிக்கொள்ளவேண்டும். வராவிட்டால் மறுபடி. அப்புறம் இன்னொரு முறை. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் போர்டில் செருகியிருக்கிற கார்டை, அதாவது இணைப்பு வயரை, பிடுங்கிவிடவேண்டும். அதோடு அந்த லைன் செத்தது. இருவரும் ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை கேட்டிருப்பார்களோ, அந்தக் கேள்வியை.

வேலையை விட்டு வந்த அன்று வாசலில் நின்று பதினாலு ஒன்று கேட்டாள்.

“உன் வீட்ல ரெண்டு ரூம் சும்மா கிடக்குதே. நான் வந்துடட்டுமா?”

பதிமூணு சொன்னாள்: “யோசிச்சுச் சொல்றேன்.”

எட்டு வருஷம் ஆகிவிட்டது. பதினாலு வேறு ஊரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். நம்பர் மட்டும் கொடுத்திருந்தாள். “யோசிச்சு முடிச்சா கூப்பிடு” என்று. கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் பதிமூணு கூப்பிடவில்லை. நாள் போகப் போக, கூப்பிடாததற்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டி வந்தது. அப்படியே விட்டுவிட்டாள். சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது யாராவது சமாதானம் பேசியிருப்பார்கள்.

அந்தப் புது செட்டுக்கு வருவோம். அவர்களுடைய ரேடியோ கிளப் ஒரு செட்டு வாங்கியிருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள உகந்ததா என்று பார்க்க ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வாரம் இருக்கும். கூடவே இரண்டு பக்கப் படிவம், பதினெட்டுக் கேள்வி. விசிறிச் சத்தம் எப்படி? எவ்வளவு நேரத்தில் சூடாகிறது? பக்கத்து வீட்டு டிவியில் குறுக்கிடுகிறதா? மைக் எப்படி? கடைசிக் கேள்வி, பதினெட்டாவது: ‘வீட்டில் உள்ள மற்றவர்களின் கருத்து.’

பதிமூணு சிரித்துக்கொண்டாள். பென்சிலை எடுத்து அந்தக் கட்டத்தை முதலிலேயே நிரப்பினாள்.

‘இங்கே யாரும் இல்லை.’

சோதனைக்கு ஒரு காது வேண்டும். அதற்கு அவளிடம் ஒருவர் இருந்தார். பியானோவுக்கும் ஹார்மோனியத்துக்கும் சுருதி சேர்க்கிறவர். கண் தெரியாது. எங்கேயோ தூரத்து ஊர். நேரில் பார்த்ததே இல்லை. தினமும் மாலை 4.15-க்கு இருவரும் காற்றில் சந்திப்பார்கள். அவளுக்கு ஒரு நாளில் கேட்கிற மனிதக் குரல் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை. 4.15.

“பதிமூணு, முதல்ல பழைய செட்டு. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் புதுசுல அதே மாதிரி. ஓவர்.”

எண்ணினாள். ஆன்டெனா சுவிட்சைத் திருப்பினாள். புதுசில் எண்ணினாள். பழைய மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும், புதுசு அப்படியில்லை. மேஜைமேல் தூர நின்றே ரூம் முழுக்கக் கேட்டுக்கொள்ளும்.

“பழசு, பானைக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி. எப்பவும் அப்படித்தான், பழகிப்போச்சு. புதுசு பிரமாதம். நீங்க எச்சில் முழுங்கறது கூடக் கேட்குது.”

“அது நல்லதா கெட்டதா?”

“மரியாதைப்பட்டவங்களுக்குக் கெட்டதுதான். அப்புறம் பதிமூணு... ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில ஏதோ தட்டினீங்களே, பென்சிலா?”

அவள் கைகளைப் பார்த்தாள். இடது கை, அழுத்தினால்தான் பேச்சு போகிற மைக் பொத்தானில். வலது கை மடியில். மேஜைமேல் பென்சில் இல்லை. அது படிவத்தோடு டிராயருக்குள் இருந்தது.

“நான் தட்டலையே.”

“ரெண்டு தட்டு. போகட்டும். சமையல் ரூம் குழாயையும் கொஞ்சம் இறுக்கி மூடுங்க. சொட்டுது. நாலு செகண்டுக்கு ஒண்ணு.”

4.26-க்கு விடைபெற்றார்கள். அவள் எழுந்து சமையல் ரூமுக்குப் போனாள். குழாய்க்கு அடியில் விரலை வைத்தாள்.

ஈரமே இல்லை. தொட்டியும் காய்ந்து கிடந்தது. குளியல் ரூம் குழாயையும் பார்த்தாள். அதுவும் அப்படியே.

லாக் புத்தகத்தில் எழுதினாள்: 4.22. தட்டு இரண்டு. தண்ணீர். எழுதாமல் இருக்க முடியவில்லை. கிளப் படிவத்தில் ‘மைக் எப்படி?’ என்ற இடத்தில், ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினாள். அந்தப் படிவத்தை நாலு பேர் படிப்பார்கள். நாலு பேர் படித்தால் தம்பி காதுக்கு எட்டாதா?

புதன்கிழமை. மூன்று மணியிலிருந்தே தயாரானாள். ஜன்னல்களைச் சாத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். ஃபிரிட்ஜை அணைத்தாள். வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. பதினோரு வருஷமாக அவள் தனியாக இருக்கிற வீடு. இத்தனை அமைதி அதற்குள் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம்.

4.15. எண்ணினாள். பழசு. புதுசு.

 

“பதிமூணு... வீட்டுக்கு விருந்தாளியா?”

“இல்லையே. ஏன்?”

“நீங்க பத்துன்னு முடிச்சீங்க. பொத்தானை விடறதுக்கு முன்னால ஒருத்தங்க மைக்குல ஊதினாங்க. அப்புறம் ‘பேசுறீங்களா?’ன்னு கேட்டாங்க.”

அவள் டிராயரை இழுத்துப் பார்த்தாள். பென்சில் உள்ளேதான் இருந்தது.

“பொம்பளைக் குரல். உங்க வயசுதான் இருக்கும். ஆனா தாழ்வா இருந்து வருது. தரையோட தரையா. படுத்துக்கிட்டுப் பேசினா குரல் கல்லுல பட்டு வரும் பாருங்க, அப்படி. அவங்களுக்கு உடம்பு சரியில்லையா? நாக்கு வறண்டு பேசறாங்க. ஓவர்.”

பொத்தானை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே நின்றது.

“அது... கீழ் வீட்டு டிவி.”

“டிவியா?”

“டிவிதான்.”

“சரி” என்றார். அவர் காது நம்பவில்லை என்பது அந்த ‘சரி’யிலேயே தெரிந்தது. “குழாய் இன்னும் சொட்டுது பதிமூணு.”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டு, ஊது, கேள்வி. அந்த மூன்றையும் அந்த வரிசையில் செய்கிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். ஆனால் பேயாக வருவதென்றால் செத்திருக்கவேண்டும் அல்லவா? பதினாலு செத்தால் எக்ஸ்சேஞ்ச்காரர்கள் யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா?

மாலை 7.40. நோட்டை எடுத்தாள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த நம்பரைச் சுற்றினாள்.  பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். எடுத்தால் என்ன சொல்வது?

என்கேஜ்டு.

7.55. என்கேஜ்டு. 8.30. என்கேஜ்டு.

ரிசீவரைக் கீழே வைத்தாள். பயம் இறங்கிப் போனது. போன இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. ‘ஒரு மணி நேரமா அரட்டை. பேச ஆளுக்குக் குறைச்சல் இல்லை மகராசிக்கு. நான்தான் இங்கே பைத்தியம் மாதிரி...’

உயிரோடுதான் இருக்கிறாள். சௌக்கியமாக இருக்கிறாள். அப்படியானால் இது அவள் இல்லை. சுருதிக்காரரும் கேட்டதால் தன் தலையிலும் கோளாறு இல்லை. பாக்கி இருப்பது செட்டுதான். எங்கிருந்தோ வருகிற எதையோ அந்தப் புது மைக் இழுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அதற்குச் சோதனை இருக்கிறது. டம்மி லோடு என்று ஒரு சின்ன உருளை. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால், செட்டு அனுப்புகிற சக்தியெல்லாம் அதற்குள்ளேயே சூடாகிக் கரைந்துவிடும். வெளியே போவதும் இல்லை, வெளியிலிருந்து வருவதும் இல்லை. செட்டில் மானிட்டர் என்று ஒரு பொத்தானும் உண்டு. அதைப் போட்டால் மைக் கேட்பதெல்லாம் நம் ஹெட்போனில் நமக்கே கேட்கும். அதாவது, அவளுடைய ரூம் எப்படி இருக்கிறது என்று அவளே கேட்கலாம்.

வியாழக்கிழமை. 4.15-க்குப் பழைய செட்டில் சுருதிக்காரரிடம், “இன்னைக்கு நான் தனியா ஒரு சோதனை பண்றேன், நாளைக்குப் பேசலாம்” என்று முடித்துக்கொண்டாள்.

“தனியாத்தானே?” என்றார் அவர்.

4.31. ஆன்டெனா கழற்றியாயிற்று. டம்மி மாட்டியாயிற்று. ஹெட்போனை மாட்டினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பொத்தானை அழுத்தினாள்.

அவளுடைய மூச்சு. துணி உரசும் சத்தம். சைக்கிள் பம்ப்.

4.34. ஒன்றும் இல்லை.  ‘செட்டுதான்’ என்று வாய்விட்டே சொன்னாள். ஹெட்போனில் அவள் குரலே அவளுக்குக் கேட்டது.

4.36.

சொட்டு.

ஹெட்போனை ஒரு காதில் விலக்கினாள். ரூமில் சத்தம் இல்லை. மறுபடி மாட்டினாள்.

சொட்டு.

எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... சொட்டு.

4.39. தட்.

இன்னொரு தட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. ஏதோ தரையில் உருண்டது. பென்சில் கையிலிருந்து நழுவினால் அப்படித்தான் உருளும்.

பிறகு ஒரு மூச்சு. ஊது இல்லை. ஊத முயன்று முடியாமல்போன மூச்சு.

“பேசு...றீங்களா?”

வலது பக்கம். முழங்கை இடிக்கிற தூரம்.

திரும்பினாள். சுவர். மடித்த துணி வைத்த நாற்காலி. வெயில். அவ்வளவுதான்.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். சத்தம் நின்றது. அழுத்தினால்தான் கேட்கும். விட்டால் இல்லை.

விட்டுவிடலாம்.

விடவில்லை. அழுத்தினாள்.

சொட்டு.

“பேசுறீங்களா?”

இரண்டாவது முறை.

 ‘பேசுறேன்’ என்று ஒரு வார்த்தை போதும். இருபத்திரண்டு வருஷம் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் சொன்ன வார்த்தை. அதைச் சொன்னால்... சொன்னால் ஆமாம் என்று ஆகிவிடும். இல்லாத ஆளோடு பேசினவள் ஆகிவிடுவாள். கீழ் வீட்டம்மா. தம்பி. வீடு.

4.43.

சொட்டு... ஐந்து... ஆறு... சொட்டு.

“பதிமூணு...”

லைனில் நம்பர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அது சட்டம். பதினாலு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

“பதிமூணு... பேசுறீங்களா?”

மூன்று.

“இங்கே யாரும் இல்லை” என்றாள் அவள். கத்தினாள். மைக்கின் பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

கார்டைப் பிடுங்குகிற மாதிரியே வந்தது.

மணி 4.44.

அன்று இரவு 8.10-க்கு இன்னொரு முறை அந்த நம்பரைச் சுற்றினாள். என்கேஜ்டு. பதினாலு தொல்லையே வேண்டாம் என்று விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை 4.15. எண்ணினாள். பழசு. புதுசு. 

“சுத்தம்” என்றார் சுருதிக்காரர். “ரொம்பச் சுத்தம். குழாயை ரிப்பேர் பண்ணிட்டீங்க போல.”

“பண்ணிட்டேன்.”

“டிவியும் இல்லே.”

“இல்லே.”

“ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? செவ்வாயும் புதனும் கேட்டப்ப உங்க ரூம்ல ஆள் இருந்த மாதிரி இருந்துது. இன்னைக்கு... நீங்க இருக்கீங்க, ஆனாலும் காலி ரூம் மாதிரி கேட்குது. செட்டைச் சொல்லலே, செட்டு நல்லாத்தான் இருக்கு. ஓவர்.”

அவள் ‘நன்றி’ என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை. தம்பி 10.30-க்கு வந்தான். வந்ததும் வராததுமாகக் கீழ் வீட்டம்மாவிடம் போய்க் காதைக் கொடுத்துவிட்டு மேலே வந்தான்.

“என்ன சொன்னா உன் உளவாளி?”

“வியாழக்கிழமை ஒரு தடவை கத்தினியாமே?”

“பல்லியைப் பார்த்துக் கத்தினேன்.”

“பல்லியைப் பார்த்து ‘யாரும் இல்லை’ன்னா கத்துவாங்க?”

“ஆமாம், வீட்டில யாரும் இல்லே, நீ தாராளமா இருன்னு சொன்னேன். போதுமா?”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் இமைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்குக் குரலைச் சமமாக வைத்துக்கொள்ளத் தெரியும்.

“சத்தம் கித்தம்?”

“ஒரு சத்தமும் இல்லே.”

“யாரும் கூப்பிடலே?”

“என்னை யாருடா கூப்பிடப் போறா?”

தம்பி இரண்டு கையையும் தூக்கினான். “சரி தாயே, தோத்துட்டேன். இரு. தனியாவே இரு. வீடு உன்னுது.”

11.50-க்குப் போனான். அவள் டீ போட்டுக்கொண்டாள். டம்ளரோடு இரண்டு காலி ரூம்களையும் ஒருமுறை சுற்றி வந்தாள். ஜெயித்தாயிற்று. சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

12.20. போன் அடித்தது.

“ஹலோ... பதிமூணுங்களா?” ஒரு ஆண் குரல். தயங்கியது. “மன்னிக்கணும். நோட்டுல பேர் இல்லீங்க, ‘பதிமூணு’ன்னுதான் எழுதியிருக்கு. அதான் அப்படியே கேட்டேன்.”

“நீங்க யாரு?”

“வீட்டு ஓனருங்க. எங்க மாடியில ஒரு அம்மா குடியிருந்தாங்க. எக்ஸ்சேஞ்சில வேலை பார்த்தவங்க. நாலஞ்சு நாளா வெளியிலயே காணோம். இன்னைக்குக் காலையிலதான் கதவை உடைச்சோம்.”

டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சமையல் ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க. இடுப்பு எலும்பு போயிடுச்சு, எழுந்திருக்க முடியலே. ஊர்ந்து போய்ப் போன் வயரை இழுத்திருக்காங்க. போன் விழுந்து உடைஞ்சு கிடந்துது. ரிசீவர் கையில இருந்துது. நம்பர் போட முடியலீங்க போல. போட்டிருந்தா உங்களுக்குத்தான் போட்டிருப்பாங்க. நோட்டு உங்க நம்பர் எழுதின பக்கத்துல திறந்து கிடந்துது. கிட்டவே ஒரு பென்சிலு.”

“எப்போ... விழுந்தா?”

“செவ்வாய்க்கிழமைன்னு டாக்டர் சொல்றாரு. உடனே போகலீங்க, அதான் மனசு கேட்கலே. ரெண்டு நாளைக்கு மேல உயிர் இருந்திருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கலாம்னாரு.”

ரிசீவர் எடுத்தபடியே கிடந்தால், கூப்பிடுகிறவர்களுக்கு என்ன கேட்கும்? எக்ஸ்சேஞ்சுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. என்கேஜ்டு என்றால் பேசுகிறார்கள் என்று அர்த்தமில்லை. நடுவில் புகுந்து கேட்டுப் பார்க்கவேண்டும்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

“குழாய்...” என்றாள் பதிமூணு.

“என்னங்க?”

“சமையல் ரூம் குழாய். சொட்டிக்கிட்டு இருந்துதா?”



“ஆமாங்க. நான்தான் மூடினேன்... உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள்.

4.15. பழைய செட்டில் சுருதிக்காரர் கூப்பிட்டார். “பதிமூணு, பதிமூணு, கேட்குதா?” மூன்று முறை கூப்பிட்டார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

அவள் டிராயரைத் திறந்தாள். படிவத்தை எடுத்தாள். பதினெட்டாவது கேள்விக்குக் கீழே எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தாள். காகிதம் நைந்துபோகிற வரைக்கும் அழித்தாள். வலது பக்கத்து நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

டம்மி. மானிட்டர். ஹெட்போன். மைக்கின் பிளக்கைத் திரும்பச் செருகினாள்.

4.43. பொத்தானை அழுத்தினாள்.

மூச்சு. அவளுடையது.

சொட்டு இல்லை.

பென்சிலை எடுத்தாள். மேஜை விளிம்பில் இரண்டு தட்டு. மைக்கில் ஒரு ஊது.

“பேசுறேன்... பதிமூணுதான் பேசுறேன்... யோசிச்சுட்டேன். வந்துடு.”